நெய்தல் திரிந்த நிலம்

ஓமன் தேசத்தின் வடகிழக்கு மூலையில், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் ஹஜர் மலைத்தொடரும், 12,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் ஷர்கிய்யா மணற்காடும், அரபிக் கடலும் ஓமன் வளைகுடாவும் கூடுகின்ற கடற்கரையும் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் அமைந்திருக்கின்றன. விடியற்காலையில் மலைமேல் போர்வை தேடி நடுங்கிய ஒருவர், உச்சிப்பொழுதில் மணலில் நின்று வியர்த்து, அன்றிரவே அலையோசையைக் கேட்டுக்கொண்டு கண்ணயர்ந்துவிடலாம். இவ்வளவு நெருக்கத்தில் இவ்வளவு மாறுபட்ட மூன்று நிலங்களை வேறு தேசங்களில் காண்பது அரிது.

தமிழ் நூலோர் பாலைக்கென்று தனி நிலம் வகுக்கவில்லை என்பதும், முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு கெட்டு அடையும் நிலையே பாலை என்பது சிலப்பதிகாரத்தின் கருத்து என்பதும் வாசகர்கள் அறிந்தவையே. மழை பெய்தால் மறுபடி காடாகவும் மலையாகவும் தளிர்த்துவிடுகின்ற நம் நாட்டுப் பாலைக்கு அந்த இலக்கணம் பொருந்தும். மனிதருடைய ஞாபகத்துக்கு எட்டிய காலம் முழுவதும் மணலாகவே இருந்துவருகின்ற அரேபியப் பாலைக்கு அது பொருந்துமா, பொருந்தாதென்றால் அந்த மணல் எந்த நிலம் திரிந்து உண்டானது என்ற விசாரம், இந்தப் பிரயாணத்தைத் திட்டமிடத் தொடங்கிய நாளிலிருந்தே என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கூடாரமடித்துத் தங்குவது ஓமானியருக்கு நாகரிக மோஸ்தரினால் வந்த பொழுதுபோக்கு அல்ல. வார விடுமுறை வந்துவிட்டால், பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பத்தோடு, கம்பளத்தையும் கூரிய மூக்குள்ள காப்பிக் கூஜாவையும் எடுத்துக்கொண்டு வெட்டவெளியைத் தேடிச் செல்வது அவர்களுடைய பரம்பரைச் சுபாவம். வேலியிட்ட தோட்டமாகவோ காவலுள்ள சரணாலயமாகவோ இல்லாத இடம் எதுவாயினும், இரவு தங்க வந்தவனை அங்கே பெரும்பாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் அந்தச் சுதந்திரத்தைச் சூழ்ந்து, சட்டப் புத்தகத்தைக் காட்டிலும் கண்டிப்பான சில விலக்குகள் இருக்கின்றன. மலையில் காட்டாற்றுப் படுகையிலே கூடாரம் அடிக்கலாகாது. மணலில் பச்சை மரத்தின்மீது கை வைக்கலாகாது. ஆமை ஏறுகின்ற கடற்கரையில் விளக்கு ஏற்றலாகாது. மஸ்கட்டில் நெடுங்காலமாகப் பொறியாளராக இருந்துவருகின்ற என் நண்பர், என்ன என்ன எடுத்துச் செல்லவேண்டும் என்று எழுதிய ஜாபிதாவின் தலைப்பில், எடுத்துச் செல்லும் சாமான்களுக்கு முன்பாக இந்த மூன்றையும்தான் எழுதி வைத்திருந்தார்.

எந்த நிலத்தை முதலில் பார்ப்பது என்பதில் எங்களுக்குள் ஒற்றுமை ஏற்படவில்லை. கடலில் தொடங்கி மலையில் முடிக்கவேண்டும், ஏறுவதுதான் யாத்திரைக்கு அழகு என்பது நண்பருடைய கட்சி. எங்களுடைய வண்டியை ஓட்ட இசைந்திருந்த பித்யா பகுதியைச் சேர்ந்த பதூயின் இளைஞர், இந்தியத் தொழிலாளரோடு பழகிக் கற்றுக்கொண்ட ஹிந்தியில், "சதீக் (நண்பரே), தண்ணீர் எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியாகப் போவோம், மலையில் ஆரம்பித்து, மணலைக் கடந்து, கடலில் முடிப்போம்" என்று சொன்னதும் அந்த வாதம் தீர்ந்துபோயிற்று.

1580களில் போர்த்துகீசியர் கட்டிய ஜலாலி, மீரானி என்னும் கோட்டைகள் காவல் காக்கின்ற பழைய மஸ்கட் துறைமுகத்தை விட்டு உள்நாட்டை நோக்கிச் செல்கின்றவர்கள், ஸமாயில் கணவாய் வழியாக ஹஜர் மலைத்தொடரை ஊடறுத்துக் கடக்கிறார்கள். இருமருங்கிலும் நிற்கும் குன்றுகளில் புல்லும் இல்லை, பூண்டும் இல்லை. கருமையும் காவியும் பசுமையும் கலந்த ஏதோ ஒரு வர்ணத்தில், உலையிலிருந்து அப்போதுதான் வெளியே கொட்டப்பட்டவைபோல் கரடுமுரடாக நிற்கின்றன. இவற்றில் அழகு என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்கிற பிரயாணியை நான் குறைகூறமாட்டேன். ஆனால் பூகர்ப்ப சாஸ்திரிகள் உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் இந்த வறட்டுக் குன்றுகளைத் தரிசிக்க வருகிறார்கள். காரணம், இவை மலையாகப் பிறந்தவை அல்ல. சுமார் 9½ கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆழ்கடலின் தரையாகக் கிடந்தவை. சமுத்திரத்தின் தரையும் கண்டமும் மோதும்போது, கனமான கடற்தரை கண்டத்தின் அடியில் அமிழ்ந்து மறைவதே பூமியின் வழக்கம். இங்கே அந்தக் கிரமம் தலைகீழாகி, கடலின் தரை அரேபியாவின் விளிம்பின்மீது ஏறிப் படுத்துக்கொண்டது. சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்குப் படர்ந்திருக்கும் இந்தப் பாறைத்திரளில், பூமியின் மேலோடும் அதற்கு அடியிலுள்ள மேன்டில் என்னும் அடுக்கும் சந்திக்கின்ற எல்லையைச் சில இடங்களில் கையால் தொட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான இடங்களில் கடலுக்கு அடியிலே பல கிலோமீட்டர் துளையிட்டாலொழிய நெருங்கமுடியாத எல்லை அது.

நண்பர் வண்டியை நிறுத்தச்சொல்லி, கரும்பாறையில் நரம்புகளாக ஓடிய வெண்ணிறக் கோடுகளைக் காட்டினார். பூமியின் ஆழத்தில் பிறந்த அந்தப் பாறை, மழைநீரோடு கலந்து வருகின்ற கரியமில வாயுவைத் தனக்குள் இழுத்துச் சுண்ணாம்புப் பொருளாக மாற்றிவிடுகிறதாம். அந்த மாற்றத்தின் அடையாளமே வெண்கோடுகள். ஆலைப்புகையினால் வானத்தில் பெருகிவிட்ட வாயுவை இதே முறையில் கல்லாக்கிவிட முடியுமா என்ற ஆராய்ச்சி இம்மலைகளில் நடைபெற்று வருகிறது. இப்பாறைகளுக்குப் புராதனமான கீர்த்தியும் உண்டு. இவற்றிலிருந்து உருக்கப்பட்ட செம்பு, கிறிஸ்து பிறப்பதற்கு 2,000 ஆண்டுகளுக்கும் முன்பே மெசபொத்தேமியாவுக்குக் கப்பலேறியது. அந்நாட்டுக் களிமண் பலகைகள் மகன் என்று குறிப்பிடும் செம்பு தேசம் இதுவே என்பது சரித்திரக்காரர்களின் பொதுவான முடிபு.

கணவாய்க்கு அப்பால் நிஸ்வா நகரம். மஸ்கட்டிலிருந்து போர்த்துகீசியரை 1650-இல் வெளியேற்றிய இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டுவித்த வட்டக் கோட்டையின் பிரம்மாண்டமான கோபுரம், பேரீச்சந்தோப்புகளுக்கு மேலே தலைநிமிர்ந்து நிற்கிறது. வெள்ளிக்கிழமைக் காலையில் அதன் அருகே நடைபெறும் ஆட்டுச் சந்தையில், வாங்குகிறவர்கள் வட்டமாக அமர்ந்திருக்க, விற்கிறவர்கள் ஆடுகளைப் பிடித்துக்கொண்டு அவர்களைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். விலை, நடக்கிறவரிடமிருந்து உட்கார்ந்திருப்பவருக்கும், அவரிடமிருந்து நடக்கிறவருக்குமாகக் கூவலில் பறந்துகொண்டிருக்கிறது. வெண்ணிற நீளங்கியும் பூவேலை செய்த குல்லாயும் அணிந்த ஒரு முதியவர், ஒரு கிடாயின் பல்லைப் பார்த்து, முதுகைத் தடவி, ஒரு சொல்லும் சொல்லாமல் அனுப்பிவிட்டார். விலையைக் குறைப்பதற்கு அந்த மௌனத்தைவிடச் சமர்த்தான உபாயம் இருக்கமுடியாது என்று தோன்றியது.

நிஸ்வாவின் உயிர் கோட்டையில் இல்லை. அதன் தோப்புகளுக்குள் ஓடுகின்ற ஃபலஜ் என்னும் கால்வாயில் இருக்கிறது. மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் தேங்குகின்ற இடத்தைக் கண்டு கிணறு வெட்டி, அங்கிருந்து பூமிக்கு அடியிலேயே மிக மெல்லிய சரிவுடன் சுரங்கம் அகழ்ந்து, இறைப்பின்றி எருதின்றி ஊருக்குள் நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்ற இந்த முறை, நூற்றாண்டுகளாகப் பழுதின்றி நடந்துவருகிறது. இன்றும் சுமார் 3,000 ஃபலஜ்கள் அந்த நாட்டில் ஓடுகின்றன. அவற்றுள் நிஸ்வாவின் ஃபலஜ் தாரிஸ் உள்ளிட்ட ஐந்தினை யுனெஸ்கோ 2006-இல் உலக மரபுச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டது. வெளியே வருகின்ற நீரை முதலில் குடிப்பதற்கு எடுக்கிறார்கள். அதற்கப்புறம் பள்ளிவாசல், குளியல், துவையல். எல்லாவற்றுக்கும் பிறகே தோட்டங்கள்.

தோட்டங்களுக்குரிய பங்கு நாழிகைக் கணக்கில் பிரிக்கப்படுகிறது. அரை மணிக்குச் சமமான காலத்துக்கு அதர் என்று பெயர். பகலில் நட்டு வைத்த கோலின் நிழலையும், இரவில் மலைவிளிம்பில் உதிக்கும் நக்ஷத்திரங்களையும் பார்த்து முறை மாற்றிய காலம் ஒன்று உண்டு. இப்போது பெரும்பாலும் கைக்கடிகாரம். தாமிரபரணிக் கால்களில் முறை வைத்து மடை திறக்கும் நீர்பாய்ச்சியின் அதிகாரத்தை அறிந்தவர்களுக்கு, மிஸ்ஃபாத் கிராமத்தில் வாய்க்காலோரம் நின்று கந்தலும் கல்லும் கொண்டு ஒரு மடையை அடைத்து மறுமடையைத் திறந்துவிட்ட கிழவரின் முகத்திலிருந்த கம்பீரம் புதிதாக இராது. அவருக்கு நாங்கள் சலாம் சொன்னோம். அவர் பதில் சலாம் சொன்னாரே தவிர, நீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அங்கிருந்து மலைப்பாதை ஜெபல் ஷம்ஸ் சிகரப் பகுதிக்கு ஏறுகிறது. கருங்குன்றுகள் பின்தங்கிவிட, சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் அடுக்கடுக்காக எழும்புகிறது. ஒரு திருப்பத்தில் நிலம் திடீரென்று முடிந்துபோய், காலடியில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்துக்கு வாதி நக்ர் என்னும் பள்ளத்தாக்கு வாய்பிளந்து கிடக்கிறது. அதன் செங்குத்தான சுவரின் நடுவே, தலைக்கு மேலே பாறை குடையாகக் கவிந்திருக்க, ஆள் நடமாட்டமற்றுப்போன ஒரு சிற்றூரின் கல்வீடுகளும், கோதுமை விளைந்த மேடைநிலங்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள், பாதாளத்தை வாசலாகக் கொண்டு குழந்தைகளை எப்படி வளர்த்தார்கள் என்று எண்ணும்போதே கால் கூசுகிறது. பாதையோரத்தில் மலைவாசிகள் கறுப்பும் சிவப்புமாக ஆட்டு ரோமத்தில் நெய்த கம்பளங்களை விரித்து வைத்திருந்தார்கள். இன்னும் மேலே, ஜூனிபர் மரங்கள் காற்றில் முறுக்குண்டு நிற்கும் உயரத்தில், எங்கள் முதல் கூடாரத்தை அடித்தோம்.

கூடாரத்துக்கு முளையடிக்கக் கல் பொறுக்கியபோது, நண்பர் ஒரு கல்லை என் கையில் கொடுத்தார். அதில் சிப்பியின் வரிகள் பளிச்சென்று தெரிந்தன. அந்தச் சாம்பல் நிற மலையும், ஆழமற்ற ஒரு வெதுவெதுப்பான கடலில் வாழ்ந்து மடிந்த ஜீவராசிகளின் ஓடுகள் படிந்து படிந்து கல்லானதே. ஆக, காலையில் கடந்துவந்த கருங்குன்றுகள் ஆழ்கடலின் தரை. இப்போது ஏறி நிற்பது கரையோரக் கடலின் வண்டல். குறிஞ்சி என்று எண்ணி ஏறியவன், அடி முதல் முடி வரை நெய்தலின்மேல் நடந்து வந்திருக்கிறேன்.

அந்த இரவின் குளிர் நீர் உறையும் நிலையைத் தொட்டது. வடக்கே வெகுதூரத்தில் ஒரு மேகம் மட்டும் ஓசையின்றி மின்னிக்கொண்டிருந்தது. "அந்த மேகத்தின் கீழே யாராவது வாதிக்குள் படுத்திருந்தால் இப்போது எழுந்திருக்கவேண்டும்" என்றார் ஓட்டுநர். ஜாபிதாவின் முதல் விலக்கு அங்கேதான் விளங்கிற்று. மண்ணின் போர்வையில்லாத வெறும் பாறை மழையை உறிஞ்சுவதில்லை. விழுந்த நீர் அத்தனையும் வழிந்து, ஆண்டில் பல மாதங்கள் உலர்ந்து கிடக்கின்ற வாதிகள் என்னும் காட்டாறுகளில் ஒரேயடியாகத் திரண்டு பாய்கிறது. தலைக்குமேல் வானம் தெளிந்திருக்க, எங்கோ பெய்த மழை சுவராக எழுந்து வந்து படுகையில் படுத்தவர்களை வாரிக்கொண்டு போகும். காட்டாற்றின் படுகை சமதளமாகவும் மணற்பாங்காகவும் மரநிழலோடும் இருப்பதனாலேயே அந்நியனை ஏமாற்றுகிறது. உள்ளூர்க்காரன் மேட்டில் கல்லின்மேல் படுத்து முதுகு நோவதையே விரும்புகிறான்.

மலையை விட்டு இறங்கித் தெற்கும் கிழக்குமாகச் சென்றால், பித்யாவின் பேரீச்சந்தோப்புகளுக்குப் பின்னால், எவ்வித முன்னறிவிப்புமின்றி மணல் தொடங்கிவிடுகிறது. சக்கரங்களிலிருந்து காற்றைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டு, ஓட்டுநர் மணலைச் சற்றுநேரம் கண்ணால் படித்தார். தெற்கு வடக்காக நீண்ட மணற்கோடுகள், சிலவிடங்களில் 100 மீட்டர் உயரம் வரைக்கும், ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்துச் செல்கின்றன. அவற்றுக்கிடையே சமதளமான நீண்ட வீதிகள். லண்டன் ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டியின் ஆராய்ச்சிக் குழு 1985 முதல் இந்த மணற்காட்டில் தங்கி, இங்குள்ள செடிகொடிகளையும் ஜந்துக்களையும் மணலின் நடமாட்டத்தையும் ஆராய்ந்தது. இம்மணலில் ஒரு பெரும்பகுதி கடற்சிப்பிகளின் துகள் என்பது விஞ்ஞானிகள் கண்ட உண்மை. பூமியின் வடபகுதிகளைப் பனி மூடியிருந்த யுகங்களில், கடலின் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 100 மீட்டருக்குமேல் தாழ்ந்து, கரையோரக் கடற்தரை வெயிலில் காய்ந்து கிடந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தத் துகளை வாரி வாரி உள்நாட்டில் குவித்தது. கடற்கரைப் பக்கத்தில் வெளிறியிருக்கும் மணல், வடக்கே வரவர இரும்புச் சத்தின் துருவேறிச் சிவந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று என்று சொன்னேன். குற்றாலத்தில் சாரலாகவும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெருமழையாகவும் நாம் அறிந்திருக்கிற காற்று அதுதான். நமக்கு நீரைக் கொண்டுவருகின்ற அதே காற்று, இந்த மக்களுக்கு நிலத்தைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது.

ஆகவே, ஓமனில் முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலை ஆகவில்லை. நெய்தல் திரிந்து குறிஞ்சியாயிற்று. நெய்தலே திரிந்து பாலையும் ஆயிற்று. திட்டமிட்டபோது மூன்று நிலங்கள் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தவை, கடல் என்னும் ஒரே முதலிலிருந்து வெவ்வேறு காலத்தில் பிரிந்துபோன பங்குகளே.

ஓட்டுநருடைய உறவினர் வீட்டில் எங்களுக்கு உபசாரம் நடந்தது. பேரீச்சை ஓலையால் வேய்ந்த கொட்டகையில், மணலின்மேல் விரித்த கம்பளத்தில், முதலில் பேரீச்சம்பழமும், பிறகு ஏலக்காய் மணக்கும் பாலில்லாத காப்பியும் வந்தன. கைப்பிடியில்லாத சிறு கிண்ணத்தில் கால்பங்கு மட்டுமே ஊற்றுகிறார்கள்; கிண்ணத்தை நீட்டும்போது இலேசாக அசைத்தாலொழிய மறுபடியும் மறுபடியும் ஊற்றிக்கொண்டேயிருப்பார்கள். வீட்டுத் தலைவி, நெற்றியையும் மூக்கையும் மறைத்து அலகுபோல் முன்னே கூர்ந்த முகமூடி அணிந்திருந்தார். ஆயினும் சம்பாஷணையை நடத்தியவர் அவரே. ஒட்டகங்களுக்கு இந்த வருஷம் தீனி என்ன விலை, இந்தியாவில் மழை எப்படி, எனக்குக் குழந்தைகள் எத்தனை என்றெல்லாம் விசாரித்தார். கொட்டகையின் மூலையில் உலர்ந்த மத்தி மீன் மூட்டை ஒன்று கிடந்தது. அது ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி என்று அறிந்தபோது, இந்த மணலின் பொருளாதாரமும் கடலோடு பிணைந்திருப்பது தெரிந்தது. கரையில் காயவைத்த மீன் உள்நாட்டுக்கு வந்து ஒட்டகத்தின் வயிற்றையும் பேரீச்சையின் வேரையும் நிரப்புகிறது. கோடையில் மணல் கொதிக்கும்போது, குடும்பங்கள் தோப்புகளுக்குச் சென்று அறுவடையில் பங்கெடுத்து, குளிர்ந்த பிறகு ஆடுகளோடு திரும்புகின்றன. பதூயின் என்றால் ஓரிடத்திலும் நில்லாத நாடோடி என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் அவர்களுடைய வருஷம் நம் பஞ்சாங்கத்தைப்போல ஒழுங்கானது.

எங்கள் இரண்டாவது கூடாரம், மணற்காட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு மரத்தோப்பின் அருகே. அந்த மரத்தை அங்கே காஃப் என்கிறார்கள். சிறு சிறு இலையும் மெல்லிய முள்ளும் கொண்டு, ஒட்டகங்கள் எட்டிய உயரம் வரை கத்தரித்தாற்போல் நிற்கும் அதைக் கண்டதும் எனக்குப் பரிச்சயமான முகத்தைக் கண்டதுபோலிருந்தது. அது நம்முடைய வன்னிமரமேதான். பாண்டவர் அஞ்ஞாதவாசத்தில் ஆயுதங்களை ஒளித்துவைத்ததாகப் பாரதம் கூறுவதும், விருத்தாசலத்தில் ஸ்தல விருட்சமாக விளங்குவதும் இதுவே. ஆழத்திலுள்ள நீரைத் தேடி வேரை இறக்கியும், கடலிலிருந்து வரும் மூடுபனியில் நனைந்தும் அது பிழைத்திருக்கிறது. அதன் நிழல் ஆட்டுக்கு, இலை ஒட்டகத்துக்கு, உதிர்ந்த சுள்ளி அடுப்புக்கு. பச்சைக் கிளையை முறிப்பவன் ஒரு குடும்பத்தின் நிழலைக் களவாடியவன் என்று அங்கே எண்ணுகிறார்கள். நாங்கள் விறகை மஸ்கட்டிலிருந்தே சுமந்து வந்ததற்குக் காரணம் இதுதான். நம் ஊரில் வன்னியை வலம்வந்து வணங்குகிறோம். அங்கே வணங்குவதில்லை, வெட்டாமல் விட்டுவிடுகிறார்கள். இரண்டில் மரத்துக்கு எது அதிக உபகாரம் என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

மணலிலிருந்து கடலுக்கு வந்தால் ஸூர். கப்பல் கட்டும் கலைக்குப் பேர்போன இந்தத் துறைமுகத்திலிருந்து, வடகிழக்குக் காற்றில் ஸான்ஸிபாருக்குச் சென்று, தென்மேற்குக் காற்றில் திரும்பிய மரக்கலங்கள் அநேகம். பேரீச்சையும் உலர்மீனும் ஏற்றிச் சென்ற அதே கலங்கள், ஆப்பிரிக்காவிலிருந்து மனிதரையும் அடிமைகளாக ஏற்றி வந்தன என்பதை மறைத்துவிட்டு அத்துறைமுகத்தின் பெருமையைப் பேசுவது நேர்மையாகாது. கரையில் ஏற்றி நிறுத்தியிருக்கும் ஃபதஹ் அல் கைர் என்னும் பெரிய மரக்கலம், 1951-இல் இவ்வூரில் கட்டப்பட்டு, அந்நிய தேசத்துக்கு விற்கப்பட்டு, பின்னர் ஊராரால் மீட்டுக் கொண்டுவரப்பட்டது. பட்டறையில் வரைபடம் எதுவுமில்லாமல் கண்ணளவால் பலகையை வளைத்துக்கொண்டிருந்த தச்சர்களில் இந்தியரும் இருந்தார்கள்; தேக்கும் வெகுகாலமாக மலையாளக் கரையிலிருந்து வருவதே. 1980-இல் ஆங்கிலேயப் பிரயாணி டிம் ஸெவரின் இவ்வூரில் ஸோஹார் என்ற கப்பலை ஓர் ஆணியும் இல்லாமல், அயனி மரப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டுவித்து, அதிலேயே சீனத்தின் கான்டன் வரை சென்று சேர்ந்தார்; அவருடைய மரமும் கயிறும் நம் மேற்குக்கரையிலிருந்தும் அதற்கப்பாலுள்ள தீவுகளிலிருந்தும் சென்றவை. மரம் விளையாத நாடு மரக்கலத்தினால் வாழ்ந்தது என்றால், அதற்கு உத்தரவாதம் காற்றுத்தான்.

அரேபியாவின் கிழக்கு முனையான ராஸ் அல் ஹத்தை அடுத்த ராஸ் அல் ஜின்ஸில் பச்சை ஆமைகளுக்கு 1996 முதல் காப்பிடம் உண்டு. இரவில் காவலருடைய வழிகாட்டுதலோடுதான் கரைக்குப் போகமுடியும். ஆமைகள் பெருந்தொகையாக வருவது கோடையில். குளிர்காலத்தில் நாங்கள் சென்றதால், நெடுநேரம் இருளில் நின்ற பிறகு ஒரே ஓர் ஆமையைக் கண்டோம். அது துடுப்புக் கால்களால் மணலை வீசியெறிந்து குழி பறித்து, நூறு முட்டைகள்வரை இட்டு, மூடி, எதிரிகளை ஏய்க்கப் பக்கத்தில் இன்னொரு பொய்க்குழியும் பறித்துவிட்டு, இழுத்து இழுத்து நீரை நோக்கித் திரும்பியது. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்துப் பொரிந்து வருகின்ற குஞ்சுகள், வெளிச்சம் மிகுந்த திசையே கடல் என்று நம்பி ஓடுகின்றன. மனிதவாசமில்லாத கரையில் இரவு வானத்தின் ஒளி கடலின்மேல்தான் படுகிறது. அங்கே ஒருவன் கூடாரத்தில் விளக்கேற்றி வைத்தால், அவை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த விளக்கை நோக்கி வந்து மாண்டுபோகும். மூன்றாவது விலக்கின் காரணம் இது.

ஆமைகள் ஏறும் கரைக்கு அருகிலேயே 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மீனவர் குடியிருப்பு ஒன்றைத் தொல்லியலார் அகழ்ந்திருக்கிறார்கள். நாணற் படகுகளின்மேல் பூசிய கீலின் துண்டுகள், ஒரு பக்கத்தில் நாணலின் பதிவும் மறுபக்கத்தில் கடற்கொட்டலசுகள் ஒட்டிய அடையாளமுமாக அங்கே கிடைத்தன. சிந்துவெளி எழுத்துப் பொறித்த பானையோடும் கிடைத்தது. மகன் நாட்டுச் செம்பும் சிந்துவெளிப் பானையும் மாறி மாறிக் கடல் கடந்த காலத்தில், இங்கே பாலை என்றும் குறிஞ்சி என்றும் ஒதுங்கிக் கிடந்தவர் எவருமில்லை.

வடமேற்கே திரும்பினால் கடலோரத்தில் கல்ஹாத். யுனெஸ்கோ 2018-இல் மரபுச் சின்னமாக்கிய இந்தப் பாழ்நகரில், இன்று தலைதூக்கி நிற்பது பீபி மர்யமின் சமாதி ஒன்றே. அதன் மேற்கூரை இடிந்து ஆகாசம் தெரிகிறது. ஹோர்முஸ் அரசின் கீழ் செழித்திருந்த காலத்தில், இங்கிருந்து உயர்ந்த ஜாதிக் குதிரைகள் இந்தியாவுக்குக் கப்பலேறியதை மார்க்கோ போலோ குறித்திருக்கிறார். தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலில் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து இறங்கியதையும், பாண்டியர் அவற்றுக்குக் கொட்டிக்கொடுத்த செல்வத்தையும் சொன்னவர் அவரே. 14-ஆம் நூற்றாண்டில் பிரயாணி இப்னு பதூதா ஸூரில் இறங்கி, கண்ணெதிரே தெரிந்த கல்ஹாத்தை நடந்தே அடைந்துவிடலாம் என்று எண்ணிப் புறப்பட்டு, துணிமூட்டையைத் திருட நினைத்த வழிகாட்டியிடமிருந்து தப்பி, வீங்கிய கால்களோடு வந்து சேர்ந்தார். இலையின்மேல் சுட்ட மீனைச் சோற்றின்மேல் வைத்து உண்ட சுவையை அவர் மறக்கவில்லை. அந்த அரிசி இந்தியாவிலிருந்து வந்தது என்றும் எழுதிவைத்தார். பின்னாளில் அவரே மதுரைக்கு வந்து, அங்கே ஆண்ட சுல்தானுக்குச் சகலை முறையில் விருந்தாளியாக இருந்தார். 1508-இல் அல்பகர்க் என்னும் போர்த்துகீசியத் தளபதி இந்நகரைக் கொளுத்தினான். அதற்குப்பின் அது எழுந்திருக்கவேயில்லை.

கல்ஹாத்துக்குக் கீழே கரையில் எங்கள் கடைசி முகாம். செம்படவர் ஒருவரிடம் வாங்கிய மீனைச் சுட்டு, மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பொன்னி அரிசிச் சோற்றோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், அடுத்த பிரயாணத்தைப் பற்றிய வாதம் தொடங்கிவிட்டது. தெற்கே தோஃபார் மாகாணத்தில், சாம்பிராணி ஏற்றுமதியான சும்ஹுரம் என்னும் பண்டைத் துறைமுகத்தின் அகழ்வில், தமிழ் பிராமியில் ணந்தை கீரன் என்று பெயர் பொறித்த பானையோடு கிடைத்திருக்கிறது. முதல் நூற்றாண்டினது என்பர் ஆராய்ச்சியாளர். அந்தக் கீரன் எந்தக் காற்றில் அங்கே போய்ச் சேர்ந்தாரோ, அந்தக் காற்றைப் பார்க்காமல் அவர் சேர்ந்த துறைமுகத்தைப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்பது என் கட்சி. ஜூன் முதல் செப்டம்பர் வரை, இங்கே மணலைக் குவித்த அதே தென்மேற்குக் காற்று அங்கே மலையில் மோதித் தூறலாக இறங்க, அம்மலைச் சரிவுகள் பசும்புல் போர்த்துக்கொள்கின்றனவாம். அப்போது மழையில் கூடாரம் ஒழுகும், பாதை வழுக்கும், பனிமூட்டத்தில் பத்தடி தூரம் தெரியாது என்று நண்பர் ஆட்சேபித்தார். ஓட்டுநரோ, கோடைதான் ஆமைகளின் காலம், போகிற வழியில் ராஸ் அல் ஜின்ஸில் மறுபடியும் இறங்கலாம் என்று என் பக்கம் சேர்ந்துகொண்டார். இருவர் சொல்லுக்கு ஒருவர் இணங்கினார். ஜாபிதாவில் மழைத்துணி என்று முதல் வரியை நண்பரே எழுதினார்.